கையில் தூக்கிய வெள்ளைப் பை

வீதியில் தாள் துண்டு ஒன்று கிடந்தால் பளீலா நின்றுவிடுவாள். குனிந்து எடுப்பாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். தமிழோ சிங்களமோ இங்கிலீசோ என்றால் குப்பையோடு குப்பையாகச் சேர்த்துவிடுவாள். அரபு எழுத்து ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும். ஊதித் தூசி தட்டி, கண்ணில் ஒற்றி, பக்கத்தில் எந்த மதில் இருக்கிறதோ அதன் இடுக்கில், ஒருவருடைய காலும் படாத உயரத்தில் செருகிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். குர்ஆன் ஓதப் போன நாளில் பழகியது. அப்போது எட்டு வயது. இப்போது நாற்பத்தேழு. கண்டல்வாடி மதில்களில் பாதி இடிந்து விழாமல் நிற்பது பளீலா செருகிய தாளால்தான் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

"ராத்தா, இண்டைக்குப் பேப்பர்ல என்ன புதினம்?" என்று கடை வாசலில் இருந்து யாராவது கேட்டால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பாளே தவிரப் பதில் சொல்ல மாட்டாள்.

பேச்சுக் குறைவான பிறவி. வாப்பா உப்பளத்தில் வேலை செய்து காலில் புண் வந்து படுத்தபோது, மூத்தவள் என்பதால் பளீலாவைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தினார்கள். ஐந்தாம் வகுப்புச் சோதனைக்குப் பெயர் கொடுத்திருந்தாள், எழுதவில்லை. பிறகு அவளும் உப்பு வாரினாள். கற்பிட்டிப் பக்கம் கருவாட்டு வாடியில் மீன் கீறினாள். கண்டல்வாடி நகர சபையில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து, மீன் சந்தையையும் பஸ் நிலையத்தையும் ஒன்பது வருடம் கூட்டினாள். வாய் பேசாத குறையைக் கண் தீர்த்துக்கொண்டது. எந்த வீட்டில் எத்தனை பேர், எவர் எத்தனை மணிக்குக் கேற்றைத் திறப்பார், எந்த வீட்டு மாமிக்குக் கோபம் வந்தால் வாசல் இரண்டு முறை கூட்டப்படும், எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அந்தப் பளீலாதான் ஒரு நாள் சபைக் கட்டடத்தில் எல்லாருக்கும் முன்னால் வாயைத் திறந்தாள்.

மேற்பார்வையாளர் சாள்ஸ், சிலாபத்து ஆள், வேலையாட்களைக் கூப்பிட்டு நிற்கவைத்து விசயத்தைச் சொன்னார். ஊர்க் குப்பை எல்லாம் உப்புநீர்க் களப்பு ஓரத்தில் கொட்டி மலையாகிவிட்டது. இனிமேல் வீட்டுக்காரர்களே பிரித்து வைக்க வேண்டும்: சமையல் கழிவுக்குப் பச்சை வாளி, பிளாஸ்டிக்குச் செம்மஞ்சள் பை, தாளுக்கு நீலப் பை. டிராக்டர் வாசலுக்கே போய் எடுக்கும். முதலில் ஓர் ஒழுங்கை, ஒரு சின்னத் தெரு மட்டும், கிணற்றடி ஒழுங்கை, நாற்பத்திரண்டு வீடு, மூன்று மாதம்.

"வீட்டுப் பொம்பளைகளோட கதைச்சு எடுக்க ஒரு ஆள் வேணும். யாரு போறது?" என்று கேட்டார்.

ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். கதவோரத்தில் நின்ற பளீலா, "நான் செய்றன் சேர்," என்றாள்.

"யாரு கதைச்சது?"

"பளீலா ராத்தா சேர்!" டிராக்டர் ஓட்டும் ஹுனைஸ் சிரித்தான். "ஒம்பது வருசமா ஒண்டா வேல செய்றம், ராத்தாக்கு வாய் இரிக்கிற விசயம் இண்டைக்குத்தான் தெரியும்!"

தான் சொன்னது அவளுக்கே புதினமாக இருந்தது. ஆனால் சும்மா சொல்லவில்லை. களப்போரக் குப்பைமேட்டுக்கு ஆகக் கிட்ட இருக்கும் வீடு அவளுடையது. மேடு பற்றி எரியும் நாட்களில் கதவை மூடினாலும் சோற்றில் புகை மணக்கும். அவளுடைய புருசன் ஹயாத்து முகம்மது கடலில் இருந்து வந்து கரையில் கால் வைத்ததுமே இருமத் தொடங்குவார். தாள் போனால் பாதி நெருப்புப் போய்விடும் என்று அவள் எத்தனையோ முறை நினைத்ததுண்டு.

சாள்ஸ் ஒரு நிபந்தனையும் சொன்னார். "தாள் எடுக்கிறவங்க தூரத்தில இருந்து வாறவங்க. ஒரு லொறி நிறையச் சேர்ந்தாத்தான் வருவாங்க. மூண்டு மாசத்தில ஒரு லொறி சேர்ந்தா மத்தப் பத்து ஒழுங்கைக்கும் போவம். சேராட்டி இதோட சரி, எல்லாம் பழையபடி மேட்டுக்குத்தான். விளங்கிச்சா?"

"ஓம் சேர்."

சபையில் அவளுக்குக் கையுறையும் முழங்கால் வரைக்கும் வரும் கறுப்பு பூட்ஸும் கொடுத்தார்கள். பிறந்த நாளில் இருந்து செருப்பைத் தவிர ஒன்றும் போடாத கால். வீட்டில் போட்டு இரண்டு தரம் நடந்து பார்த்தாள்.

"பட்டாளத்துக்கு ஆள் எடுக்காங்களா?" என்றார் ஹயாத்து முகம்மது.

"சும்மா இரிங்க," என்றாள். ஆனால் கழுவித் துடைத்துக் கதவுக்குப் பக்கத்தில் சோடியாக வைத்தாள்.

முதல் செவ்வாய்க்கிழமை ஒழுங்கையே வாசலுக்கு வந்துவிட்டது. வாளியும் பையும் நிறைந்திருந்தன. நீலப் பைகள் டிராக்டர் பெட்டிக்குள் அடங்கவில்லை.

"ஏறி மிதிங்க ராத்தா, இடம் காணாது!" என்று ஹுனைஸ் கத்தினான்.

பளீலா ஏறினாள். புது பூட்ஸோடு பைகளின் மேல் நின்று நன்றாக மிதித்து அமர்த்தினாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த கிழமை நீலப் பை பாதிதான். மூன்றாவது கிழமை அதிலும் பாதி. ஒரு மாதம் போனபோது நாற்பத்திரண்டு வீட்டில் பதினொரு வீட்டு வாசலில்தான் நீலப் பை தொங்கியது. பச்சை வாளி நிறைந்தது, செம்மஞ்சள் பை நிறைந்தது, தாள் மட்டும் இல்லை. கேற்றில் நின்று, "தாள் இல்லையா?" என்று கேட்டால், "இல்ல ராத்தா," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். ஓர் இடத்தில் நீலப் பையில் கருவாடு தொங்கியது. இன்னோரிடத்தில் பிள்ளை அதில் கொப்பி கொண்டு போனது. அதெல்லாம் அவளுக்குக் கோபமில்லை, நல்ல பை, யாருக்கும் ஆசை வரும். ஆனால் தாள் எங்கே போகிறது? முற்றத்தில் எரிக்கக் கூடாது என்று சபை சொல்லியிருந்தது. ஒழுங்கையில் புகையும் இல்லை. ஊரில் திரியும் கழுதைகள் தின்ற அடையாளமும் இல்லை. நாற்பத்திரண்டு வீட்டுக்காரரும் ஒரே நாளில் வாசிப்பதை விட்டுவிட்டார்களா?

சாள்ஸ் வந்து தாள் சேர்த்து வைக்கும் கொட்டகையை எட்டிப் பார்த்தார். "ஆறு கிழமை போயிட்டு. கால் லொறியும் இல்ல. நம்மட சனத்துக்கு இது சரிவராது போல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பளீலாவுக்குக் கூடுதலாகச் சுட்டது.

அந்தச் செவ்வாய் வெயில் கடுமை. பரீனாவின் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டாள். பரீனா முப்பது வயது கடந்தவள், ஒழுங்கையிலேயே நாக்கு நீளமானவள். "உள்ளுக்கு வாங்க ராத்தா, வெயில்ல நிண்டு விழுந்திரிவீங்க," என்றாள். பளீலா பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுப் போய்க் கதிரை நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடிக்கும்போது கண் சும்மா இருக்கவில்லை. அலுமாரிக்கு மேல், கூரை வரைக்கும் தாள் அடுக்கி இருந்தது. கொப்பி, கலண்டர், கலியாண அழைப்புக் காட்டு, பத்திரிகை, பேரீச்சம்பழப் பெட்டி.

"மேல பாக்காதீங்க," என்றாள் பரீனா.

"இவ்வளவு தாள் இரிக்கே. ஏன் புள்ள தரல்ல?"

"தந்தா மிதிப்பீங்களே."

பளீலாவுக்கு விளங்கவில்லை.

"முதல் கிழமை நான் தந்த பேக்குல என்ட தங்கச்சிட கலியாணக் காட்டு கிடந்திச்சி. மேல அரபுல பிஸ்மி அடிச்ச காட்டு. நான் மறந்து போட்டுட்டன். ஞாபகம் வந்து எடுக்க ஓடி வாறன், நீங்க அதுக்கு மேல ஏறி நிண்டு குதிக்கிறீங்க. ரோட்டுல கிடக்கிற துண்டக் கண்ணுல ஒத்துற பளீலா ராத்தாவே பூட்ஸ் காலால மிதிக்கிறா எண்டா, மத்தவன் என்ன செய்ய மாட்டான்? ஒழுங்கை முழுக்க இதுதான் கதை. உங்களுக்கு மட்டும்தான் யாரும் சொல்லல்ல."

பளீலா குவளையைக் கீழே வைத்தாள். முப்பத்தொன்பது வருடம் ஒரு துண்டைத் தாண்டிப் போகாதவள், ஒரு ஒழுங்கைத் தாளை மொத்தமாக மிதித்திருக்கிறாள். வீட்டுக்காரர்கள் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதுகூடச் சரியில்லை. பூட்ஸ் போட்ட சந்தோசத்தில் நினைக்கவே இல்லை.

"எனக்குத் தெரியாமப் போச்சி புள்ள," என்றாள்.

"உங்களுக்கே தெரியாட்டி வேற யாருக்குத் தெரியும்?" பரீனா சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "எதுல அரபு இரிக்கி, எதுல இல்ல எண்டு ஒவ்வொண்டாப் பாக்க யாருக்கு நேரம்? ஒண்டையும் போடாம விட்டாப் பாவமில்ல. முந்தி எண்டா எரிச்சுச் சாம்பலக் களப்புல கரைப்பம். இப்ப எரிக்கவும் ஏலா. இந்தா பாருங்க, இது மாமி குவைத்ல இருந்து அனுப்பின சவுக்காரத் தூள் பெட்டி. தூள் முடிஞ்சி ஆறு வருசம். அரபு எழுதி இரிக்கிதே எண்டு மேல வச்ச நான், இன்னும் இறக்கல்ல."

பளீலா எழுந்தாள். வாசலில் பூட்ஸ் கிடந்தது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு டிராக்டர் வரைக்கும் நடந்தாள். "என்ன ராத்தா, கால் கடிக்கிதா?" என்று ஹுனைஸ் கேட்டான். அவள் பூட்ஸைப் பெட்டியின் மூலையில் வைத்தாள்.

அன்று பின்னேரமே அலுமாரியைத் திறந்து ஹயாத்து முகம்மதுவின் வெள்ளைச் சாரனை எடுத்தாள். கத்தரிக்கோல் சத்தம் கேட்டு அவர் வந்தார்.

"அடியே, அது ஜும்மாவுக்குக் கட்டுற சாரன்!"

"ஓம். அதனாலதான் அத எடுத்தன்."

விசயத்தைச் சொன்னாள்: அரபுத் தாளைத் தனியாகத் தூக்க ஒரு சுத்தமான பை வேண்டும். அவர் கத்தரித்த துணியைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப ரெண்டாத் தை. ஒண்டக் கழுவிப் போட்டா மத்தது வேணுமே," என்றார். வெள்ளிக்கிழமை பழைய கோடு போட்ட சாரனோடுதான் பள்ளிக்குப் போனார்.

பள்ளிவாசல் மௌலவி இனாஸ், பளீலாவைவிட வயதில் குறைந்தவர். அவள் பக்கத்து வாசலில் நின்று, பாதி அவருக்கும் பாதி மதிலுக்குமாகச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"மையத்து அடக்கிற மையவாடியில கிழக்கு மூலையில பழைய குர்ஆன் தாள் அடக்கிற குழி இரிக்கி. நீங்க கொண்டு வாற தாளும் அங்க போகும். அதுக்கு நான் பொறுப்பு. ஆனா ராத்தா, அரபு எழுத்தெல்லாம் ஓதுற எழுத்தில்ல. அரபு நாட்டுல கடைக் கணக்கும் அரபுலதான் எழுதுவாங்க. சந்தேகமானதக் கொண்டு வரச் சொல்லுங்க, நான் வாசிச்சுச் சொல்றன்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு பெண்கள் பள்ளியின் பக்கத்து வாசலுக்கு வந்தார்கள். பேரீச்சம்பழப் பெட்டி, அத்தர்ப் பெட்டி, மருந்துத் தாள், சொக்லேட் தாள். முன்னால் பரீனா, சவுக்காரத் தூள் பெட்டியைத் துண்டில் சுற்றி இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். மௌலவி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"என்ன ஹஸரத் எழுதி இரிக்கி?" என்று மௌலவியிடம் பரீனா கேட்டாள்.

"'சிறு பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும்' எண்டு."

"அல்லாஹ்வே! அப்ப நான் ஆறு வருசமா சொன்னபடிதானே செஞ்சிரிக்கன்!" என்றாள் பரீனா. பெண்கள் முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு வீதி வரைக்கும் கேட்டது. பளீலாவும் சிரித்தாள். அந்த ஒழுங்கை அவளைப் பார்த்த பார்வை அன்றுதான் இளகியது.

இனிச் சாள்ஸுக்குச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சேர், இனித் தாளை மிதிக்கப் படாது."

"மிதிக்காம எப்பிடி அமத்துறது?"

"கட்டிக் கட்டி அடுக்குவன். பழைய வலைக் கயிறு எங்கட வீட்டில இரிக்கி."

"அப்பிடிக் கட்டினா டிராக்டர் ரெண்டு தரம் ஓட வேணும், பளீலா."

அவள் காரணத்தைச் சொன்னாள். அத்தனை வார்த்தையை அவர் அவளிடம் கேட்டதில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டு யோசித்தார்.

"எங்கட வீட்டிலயும் சந்தான மாதா படம் போட்ட கலண்டர் நாலு வருசமாக் கதவுக்குப் பின்னால தொங்குது," என்றார் கடைசியில். "மனுசி போட விடமாட்டா. சரி. ரெண்டு தரம் ஓடட்டும். ஆனா நாள் கூட்டித் தர என்னால ஏலா. அஞ்சு கிழமைதான் இரிக்கி."

மறுநாள் கிணற்றடி ஒழுங்கை புதிதாக ஒன்றைப் பார்த்தது. பளீலாவின் தோளில் வெள்ளைப் பை. ஒவ்வொரு கேற்றுக்கு முன்னாலும் அவள் பூட்ஸைக் கழற்றினாள், கையுறையைக் கழற்றினாள், அரபு எழுத்துள்ள தாளை வெறுங்கையால் வாங்கி வெள்ளைப் பையில் வைத்தாள். அந்தப் பை டிராக்டரில் ஏறவில்லை. மற்றத் தாளை விரித்து, அடுக்கி, வலைக் கயிற்றால் கட்டி, தூக்கி வைத்தாள். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் நாற்பத்திரண்டு தரம் பூட்ஸ் கழற்றி மாட்டினாள். காலையில் பத்து மணிக்கு முடியும் வேலை பகல் ஒரு மணிக்கு முடிந்தது.

"இந்த வேகத்தில போனா எனக்குப் பென்சன் வந்துரும்," என்று ஹுனைஸ் முணுமுணுத்தான். மூன்றாம் வீட்டில் இறங்கி வந்து கயிற்றின் மறு நுனியைப் பிடித்தான்.

ஒழுங்கைக் கோடியில் இருந்த அல்பொன்சா அவளைக் கேற்றில் மறித்தாள். "ஏன் புள்ள, உங்கட ஆக்களுக்கு மட்டும்தானா பேக்? எங்கட அந்தோனியார் படத்த நான் மீன் செதிலோட போடுறதா?"

அடுத்த கிழமை பூப் போட்ட துணியில் இன்னொரு பை வந்தது. அது மாதா கோயிலுக்குப் போனது.

நீலப் பைகள் திரும்பி வாசலுக்கு வந்தன. பதினொன்று இருபதாகி, முப்பதாகியது. என்றாலும் போன நாள் போனதுதான். கடைசிச் செவ்வாய்க்கு முதல் நாள் கொட்டகையில் பளீலா கைச் சாணால் அளந்து பார்த்தாள். லொறியில் கால்வாசி வெறுமையாகப் போகும். பரீனா கேற்றில் நின்று, "சேர்ந்திட்டா ராத்தா?" என்று கேட்டபோது, பொய் சொல்லத் தெரியாமல், "காணாது," என்றாள்.

"எவ்வளவு காணாது?"

பளீலா கையை விரித்துக் காட்டினாள். பரீனா திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள்.

கடைசிச் செவ்வாய் காலை டிராக்டர் ஒழுங்கைக்குள் திரும்பும்போது ஹுனைஸ் பிரேக்கை அமுக்கினான். அலுமாரிகளின் தலையில் இருந்ததெல்லாம் வாசலுக்கு இறங்கியிருந்தது. கலியாணமான பிள்ளைகளின் முதலாம் வகுப்புக் கொப்பி. மூன்று தேர்தல் நோட்டீஸ். கடையில் பொருள் வந்த மட்டைப் பெட்டி. ஒரு வீட்டில் இருபது வருடத்துப் பத்திரிகை, வருடவாரியாக. எல்லாவற்றையும் வீட்டுப் பெண்கள் தாங்களே புரட்டிப் பார்த்து, அரபுத் தாளைத் தனியாக வேறு துணியில் மடித்து வைத்திருந்தார்கள். கயிறு போட்டுக் கட்டியும் வைத்திருந்தார்கள். முடிச்சு எல்லாம் பளீலா போடும் முடிச்சு. அவள் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு திரிந்த நாளெல்லாம் அவர்களும் அவளைப் பார்த்திருக்கிறார்கள்.

டிராக்டர் அன்று நான்கு தரம் ஓடியது.

சனிக்கிழமை லொறி வந்தது. பின்கதவு மூடவில்லை, சாரதி கயிறு கட்டித்தான் கொண்டு போனார். "எல்லா ஊரிலயும் நசுங்கி ஈரமாத்தான் தருவாங்க. இது கடையில வாங்கின மாதிரி இரிக்கி," என்று அவர் சொன்னதைச் சாள்ஸ் இரண்டு தரம் சொல்லவைத்துக் கேட்டார், பளீலாவுக்கும் கேட்கட்டும் என்று.

மாதக் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டார்கள். கதிரை கொடுத்தார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று சபை உறுப்பினர்கள் கேட்டார்கள். சாள்ஸ் எழுந்து, "அவவே சொல்லட்டும்," என்றார். பளீலா எழுந்து நின்றாள். முந்திய நாள் முழுக்க மனதில் அடுக்கி வைத்திருந்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"தாளை மிதிக்க வேணாம். மிதிக்காட்டி சனம் தரும். அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அது போதுமாக இருந்தது. மற்றப் பத்து ஒழுங்கைக்கும் பை கொடுக்கத் தீர்மானித்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஹயாத்து முகம்மது, "அப்ப இன்னும் பத்துச் சாரன் போகும்," என்று மட்டும் சொன்னார். அன்று பின்னேரம் கடைத்தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் அவரே அதைச் சொல்லித் திரிந்ததாகப் பரீனா வந்து சொன்னாள்.

இப்போது கண்டல்வாடியில் பதினொரு ஒழுங்கையிலும் தரம் பிரித்த குப்பையை வாசலில் எடுக்கிறார்கள், கிழமைக்கு மூன்று நாள். மூன்று பெண்கள் அந்த வேலையில் இருக்கிறார்கள். பரீனா அதில் ஒருத்தி. தாள் லொறி மாதம் ஒரு முறை வருகிறது. கண்ணாடிப் போத்தலை இன்னும் எடுப்பதில்லை. களப்போர மேடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் போன வைகாசிக்குப் பிறகு எரியவில்லை. பளீலாவுக்கு நிரந்தர நியமனம் வரவில்லை, வரும் என்கிறார்கள். வெள்ளைப் பையை அவளே தூக்குகிறாள்.